ஐந்து நண்பர்கள், ஒரு எஸ்.டி.டி. ரசீது

கல்லூரி நண்பர்களை வைத்துக் கொலை நாவல் எழுதப் போகிறீர்களா? கொலையாளி யார் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஐந்து பேரில் யாருக்கு எவ்வளவு பயம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நான் அதற்காக இந்தியத் தண்டனைச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

என் கதையில் கொலை நடப்பது 1998-இல், சிதம்பரத்தை ஒட்டிய பல்கலைக்கழக ஊரான அண்ணாமலை நகரில். நண்பர்கள் மறுபடி கூடுவது 2024 டிசம்பரில். அதற்குள் புதிய சட்டம் வந்துவிட்டாலும், பழைய குற்றத்துக்குப் பழைய பிரிவுகள்தான். கொன்றவனுக்கு 302, எத்தனை ஆண்டு கழித்தும் வழக்குத் தொடரலாம். இரத்தக்கறை படிந்த சட்டையைத் துவைத்துக் கொடுத்தவனுக்கு 201. ஏழு ஆண்டு வரை சிறை, அதற்கும் காலவரம்பு கிடையாது. தெரிந்தும் வாய் திறக்காதவளுக்கு 202. அதிகபட்சம் ஆறு மாதம்தான். அவள் மறைத்தது போலீஸுக்குத் தெரிந்த ஓராண்டுக்குள் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்காவிட்டால் பிறகு பொதுவாக எடுக்க முடியாது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. போலீஸுக்கு அது 1998-இலேயே தெரிந்திருந்தால், அந்தப் பெண் 1999-இலேயே தப்பிவிட்டாள், அது அவளுக்குத் தெரியாது! நண்பர்களில் ஒருவன் வக்கீல். அவனுக்குத் தெரியும். இருபத்தைந்து ஆண்டுகளாகச் சொல்லாமல் அவளைப் பயத்திலேயே வைத்திருக்கிறான். கொலையைவிட இதுதான் எனக்குப் பெரிய கொடுமையாகப் பட்டது. நாவல் அங்கிருந்துதான் கிளம்பியது.

துப்பறிபவருக்காக அதிகம் மெனக்கெடாதீர்கள். விடுதியின் வரைபடத்தை மட்டும் ஒரு தாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்; எந்த அறையிலிருந்து எந்தப் படிக்கட்டு தெரியும் என்பது ஐம்பது முறை தேவைப்படும்.

தடயம் அந்தக் காலத்துக்கே உரியதாக இருக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது எஸ்.டி.டி. பூத் ரசீது, அதாவது காசு கொடுத்து வெளியூருக்குப் பேசும் தொலைபேசிக் கடையில் தரும் சீட்டு. குறுகிய காகிதச் சுருளில் புள்ளி புள்ளியாக அச்சான தேதி, நேரம், அழைத்த எண், பேசிய நிமிடங்கள், தொகை. மாலை ரயிலிலேயே ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னவன் இரவு 10.52-க்கு அண்ணாமலை நகரில் நின்று பேசியிருக்கிறான். ரயில் என்று எழுதும்போதும் கவனம்: அன்று சிதம்பரம் வழியே ஓடியது மீட்டர் கேஜ், இன்றைய அகலப் பாதையைவிடக் குறுகிய தண்டவாளம்.

நண்பர்கள் ஒருவரையொருவர் விடுதிப் பட்டப்பெயரிலேயே கூப்பிடட்டும். கணவனின் பட்டப்பெயரை மனைவி முதன்முறையாகக் கேட்கும் காட்சியை அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள். தனக்குத் தெரியாத ஒருவன் தன் வீட்டிலேயே இருந்திருக்கிறான் என்று அவளுக்கு உறைக்கும் இடம் அது.

ரசீதை மட்டும் ஒளிக்காதீர்கள். மூன்றாம் அத்தியாயத்திலேயே ஆட்டோகிராப் நோட்டிலிருந்து விழட்டும். ஒருவன் எடுத்துப் பார்த்து, "ஏழு நிமிடத்துக்கு இவ்வளவு காசா கொடுத்தோம்!" என்று வியக்கட்டும். எல்லோரும் தொகையைப் பார்ப்பார்கள், வாசகரும்தான். நேரம் அதற்கு மேல்வரியில் இருக்கும்.