அளவெடுத்துக் கட்டும் சைக்கிள்: பிரேமுக்கு எந்தப் பொருள்?

கடையில் சைக்கிள் வாங்குபவருக்கு இந்தக் கேள்வியே எழாது. பட்ஜெட்டைச் சொன்னால் போதும், அலுமினியமா கார்பனா என்பதைக் கம்பெனி ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கும். உடம்புக்கு அளவெடுத்துத் தனியாகப் பிரேம் கட்டிக்கொள்ளப் போகிறவர்களுக்குத்தான் தலைவலி. எந்த சைக்கிள் குழுவில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஸ்டீலை விட்டால் வேறு கதியில்லை என்பார். இன்னொருவர் டைட்டானியம் வாங்கினால் ஆயுசுக்கும் கவலையில்லை என்பார். மூன்றாமவர் "இந்தக் காலத்துல யாருங்க ஸ்டீல் ஓட்டுறா?" என்று சிரிப்பார். நீங்கள் எங்கே, எவ்வளவு சுமையோடு ஓட்டப் போகிறீர்கள் என்று மூவரில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்.

என் கட்சி இதுதான்: பொருளை முதலில் முடிவு செய்யாதீர்கள், கடைசியாக முடிவு செய்யுங்கள். அதற்கான வரிசையைக் கீழே தருகிறேன். உதாரணத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். சென்னைக்காரர், 75 கிலோ எடை. 200 முதல் 600 கிலோமீட்டர் வரையிலான பிஆர்எம் ஓட்டங்கள் (குறித்த நேரத்துக்குள் முடிக்கவேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணங்கள்) போவார், எப்போதாவது பைகளை மாட்டிக்கொண்டு நாலு நாள் டூர் கிளம்புவார்.

படி 1: வண்டிக்கு என்ன வேலை என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து இவற்றை எழுதுங்கள்: உங்கள் எடை, சுமையின் எடை, சுமை முன்னாலா பின்னாலா, போடப்போகும் டயரில் ஆக அகலமானது எது, மட்கார்டு வேண்டுமா, டிஸ்க் பிரேக்கா ரிம் பிரேக்கா, வண்டியை விமானத்தில் ஏற்ற வேண்டிவருமா.

இதில் டயர் அகலம்தான் ராஜா. "ஸ்டீல் மெத்துமெத்தென்று போகும், அலுமினியம் குலுக்கும்" என்ற பேச்சை எல்லோரும் கேட்டிருப்போம். சைக்கிள் பிரேம் முக்கோணங்களால் ஆனது. மேலிருந்து கீழே அழுத்தினால் எந்தப் பொருளானாலும் அது வளைவது மிகமிகக் கொஞ்சம். டயரோ பள்ளத்தில் விழும்போது பல மில்லிமீட்டர் அமுங்குகிறது. 25 மி.மீ. டயரை முறுக்கக் காற்றடித்து ஓட்டிவிட்டுப் பிரேமைத் திட்டுபவர்கள் நிறைய. 35 மி.மீ. டயரில் காற்றழுத்தத்தைச் சுமார் 50 பிஎஸ்ஐ வைத்து அதே சாலையில் போனால் அலுமினியமும் சாதுவாகிவிடும். ஆகவே சொகுசுக்காக டைட்டானியம் என்று நினைத்திருந்தால், முதலில் அகல டயர் நுழையும்படி செயின் ஸ்டேயிலும் (பெடல் அச்சிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்கள்) ஃபோர்க்கிலும் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) இடம் விடச் சொல்லுங்கள். செலவே இல்லாத மாற்றம் அது.

நம் சென்னைக்காரர் 32 மி.மீ. டயர், மட்கார்டு, டிஸ்க் பிரேக், பின்னால் 10 கிலோ சுமை என்று எழுதிக்கொண்டார் என வைப்போம்.

படி 2: டியூபைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியை அவசரப்படாமல் படியுங்கள். இது புரிந்தால் விளம்பர வாசகங்களில் பாதி உதிர்ந்துவிடும்.

ஸ்டீலின் இயல்பான விறைப்பை, அதாவது வளைய மறுக்கும் தன்மையை, 100 என்று வைத்தால், டைட்டானியத்துக்கு ஐம்பதுக்குச் சற்று மேல், அலுமினியத்துக்குச் சுமார் 35. எடையைப் பாருங்கள்: ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீல் 7.8 கிராம், டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7. கணக்குப் போட்டால் எடைக்கு இவ்வளவு விறைப்பு என்பது மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியென்றால் அலுமினியப் பிரேம் எப்படி லேசாகவும் விறைப்பாகவும் இருக்கிறது? குழாயின் விட்டத்தில் இருக்கிறது சூட்சுமம். சுவரின் தடிமனை மாற்றாமல் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் எடை இரண்டு மடங்காகும், விறைப்போ எட்டு மடங்கு ஏறும். அலுமினியம் எடை குறைந்தது என்பதால் குழாயைப் பெருக்க இடம் கிடைக்கிறது. ஸ்டீலில் அதே அளவுக்குப் பெருக்கி எடையையும் குறைக்கப் பார்த்தால், சுவர் தகர டப்பா போல மெலிந்து தட்டினாலே நசுங்கும்.

இன்னொன்று. விலை கூடிய ஸ்டீல் என்றால் விறைப்பும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். கிடையாது. சாதா இரும்புக் குழாய்க்கும், 4130 குரோமோலி, ரெய்னால்ட்ஸ் 853 போன்ற பலம் கூடிய ஸ்டீல் வகைகளுக்கும் விறைப்பு ஒன்றே. வேறுபடுவது பலம், அதாவது எவ்வளவு இழுத்தால் அறும் என்பது. பலம் கூடினால் சுவரை மெலிதாக்கலாம், எடை குறையும். அவ்வளவுதான்.

அந்த மெலிவையும் குழாய் முழுக்கச் செய்வதில்லை. பற்றவைக்கும் இரண்டு முனைகளிலும் கனமாக விட்டு, நடுவில் மட்டும் மெலிதாக்குவார்கள். பட்டெட் டியூப் என்பது இதுதான். 0.8/0.5/0.8 என்று எழுதியிருந்தால் முனைகளில் 0.8 மி.மீ., நடுவில் 0.5 மி.மீ. இதற்குக் காப்புரிமை வாங்கியவர் பர்மிங்ஹாமின் ஆல்ஃபிரட் ரெய்னால்ட்ஸ், ஆண்டு 1897. குடும்பத் தொழில் ஆணி தயாரிப்பது! அந்தக் கம்பெனி 1928-ல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமத்துக்குள் போனது, 1935-ல் புகழ்பெற்ற 531 குழாயை வெளியிட்டது. அதே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ்தான் 1949-ல் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள்களைச் செய்யவைத்தது.

உங்கள் பழைய ஸ்டீல் சைக்கிளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்கும் தண்டு) உருவி, அடிப்பக்கம் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். அது செருகியிருக்கும் சீட் டியூபின் வெளிவிட்டம் பெரும்பாலும் 28.6 மி.மீ. இருக்கும். போஸ்ட் 27.2 என்றால் சுவர் ஒரு பக்கம் 0.7 மி.மீ., நல்ல மெலிதான குழாய். 25.4 என்றால் சுவர் 1.6 மி.மீ., கனத்த மலிவு இரும்பு. அடுத்து டவுன் டியூபை (ஹேண்டில்பாரிலிருந்து பெடல் அச்சுக்குச் சாய்வாக இறங்கும் குழாய்) நகத்தால் சுண்டிக்கொண்டே முனையிலிருந்து நடுவுக்கு வாருங்கள். பட்டெட் குழாயானால் முனையில் மொத்தென்று கேட்கும் ஓசை ஓரிடத்தில் சட்டென மாறி, 'டிங்' என்று நீளும்.

படி 3: கட்டுபவருக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேளுங்கள்

ஷோரூமில் கோலோச்சும் அலுமினியமும் கார்பனும், தனியாகப் பிரேம் கட்டுபவரின் பட்டறையில் அரிதாகிவிடுகின்றன. காரணம் உலோகத்தின் குறை அல்ல, பட்டறையின் வசதி.

6061 என்ற அலுமினியக் கலவையைப் பற்றவைத்தால் மூட்டின் அருகே பலம் போய்விடும். பிரேமை முழுசாக உலையில் 530 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, தண்ணீரில் குளிரவைத்து, கோணலை நிமிர்த்தி, மறுபடி மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்தால்தான் பலம் திரும்பும். 7005 என்ற கலவைக்குக் கடைசிச் சூடு மட்டும் போதும், அதற்கும் பிரேம் கொள்ளும் அடுப்பு வேண்டும். "உங்க வெல்டிங்குக்கு அப்புறம் ஹீட் ட்ரீட்மெண்ட் எங்க பண்றீங்க?" என்று கேளுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால் அங்கே அலுமினியம் வேண்டாம்.

கார்பனுக்கு அச்சு வேண்டும். ஒருவர் அளவுக்காக ஒரு அச்சு செய்வது கட்டுப்படியாகாது. அதனால் தனி அளவுக் கார்பன் பிரேம்கள் பெரும்பாலும் குழாய்களை வெட்டிச் சேர்த்து, மூட்டுகளில் கார்பன் துணியைச் சுற்றிக் கட்டப்படுகின்றன. நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், கூலியும் அதற்கேற்ப. எந்த இழையை எந்தத் திசையில் அடுக்கினால் எங்கே விறைப்பு என்று வடிவமைக்க முடிவது கார்பனின் பெரிய வரம். 1998-ல் இத்தாலிய வீரர் பந்தானி, பியாங்கி கம்பெனியின் அலுமினிய சைக்கிளில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். அதற்குப் பிறகு அந்தப் பட்டம் பெரும்பாலும் கார்பனுக்கே போயிருக்கிறது. ஆனால் பந்தயக்காரர் பின்னால் கார் வரும், காரின் மேல் மாற்று வண்டி இருக்கும். டூர் பையின் வார் மாதக்கணக்கில் உரசினாலோ, நிறுத்திய வண்டி சாய்ந்து கல்திண்டின் முனையில் விழுந்தாலோ கார்பனுக்கு ஆகாது.

மூங்கிலையும் சொல்லிவிடுகிறேன். மூங்கில் தண்டுகளைச் சணல் நாரும் எப்பாக்சிப் பிசினும் சுற்றி இணைக்கும் பிரேம்கள் நிஜமாகவே ஓடுகின்றன. ஆசைக்கு இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளலாம்.

படி 4: ஸ்டீலா டைட்டானியமா

ஆக, பெரும்பாலானவர்களுக்கு மிஞ்சுவது இந்த இரண்டுதான்.

ஸ்டீலில் கட்டிய பிரேம் இரண்டு கிலோவை ஒட்டி வரும். அதே அளவில் டைட்டானியம் சுமார் ஒன்றரைக் கிலோ. வித்தியாசம் அரை கிலோ, அதாவது ஒரு தண்ணீர் பாட்டிலை விடக் குறைவு. 75 கிலோ ஆளும் 10 கிலோ பையும் ஏறும் வண்டியில் இதற்காகவா அத்தனை பணம்? எடைக்காக என்றால் என் பதில் வேண்டாம். துருவுக்காக என்றால் யோசிக்கலாம். திருவான்மியூரிலோ தூத்துக்குடியிலோ கடலை ஒட்டி வீடு, வண்டி பால்கனியிலேயே நிற்கும், துடைத்து எண்ணெய் விடும் பழக்கமும் இல்லை என்றால் டைட்டானியம் உங்களுக்கானது. பெயிண்ட்கூட வேண்டாம். சீட் போஸ்ட் மட்டும் குழாயோடு இறுகிப்போகாமல் இருக்கக் கிரீஸ் போன்ற பூச்சு தடவவேண்டும்.

ஸ்டீலின் பலம் வழியில் தெரியும். பின் சக்கரத்துக்கான இடைவெளியைக் கொஞ்சம் விரிக்கலாம், ஒடிந்த கேரியர் கொக்கியைக் கேஸ் வெல்டிங் பட்டறையில் பித்தளையால் ஒட்டிக்கொள்ளலாம். கேட்டைப் பற்றவைக்கும் ஆர்க் வெல்டிங்கை மட்டும் பிரேம் குழாயில் அனுமதிக்காதீர்கள். அரை மில்லிமீட்டர் சுவரில் அது ஓட்டை போட்டுவிடும். டைட்டானியம் உடைந்தால் அந்த வழி கிடையாது. உள்ளேயும் வெளியேயும் ஆர்கான் வாயு ஓடவிட்டுப் பற்றவைக்கும் ஆளைத் தேடி அனுப்பவேண்டும்.

விமானப் பயணம் உண்டென்றால், பிரேமை இரண்டாகக் கழற்றும் இணைப்புகளை ஸ்டீலிலும் டைட்டானியத்திலும் வைக்கலாம்.

நம் ஆளுக்கு என் சிபாரிசு ஸ்டீல். டாப் டியூப் (சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே போகும் மேல் குழாய்) 28.6, டவுன் டியூப் 31.8 மி.மீ., சுவர் 0.8/0.5/0.8. ஆள் 90 கிலோவைத் தாண்டினாலோ சுமை 20 கிலோ ஆனாலோ 0.9/0.6/0.9. அதற்குமேல் பலமான, விலை கூடிய குழாய்க்குப் பணம் போடுவதைவிட அந்தக் காசில் நல்ல சக்கரம் கட்டிக்கொள்ளலாம்.

படி 5: ஆர்டர் கொடுக்கும்போதும் வாங்கும்போதும்

ஆர்டரில் "ஸ்டீல் பிரேம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். ஒவ்வொரு குழாயின் பெயர், வெளிவிட்டம், சுவர்த் தடிமன், பொருத்தக்கூடிய டயரின் அதிகபட்ச அகலம், மூட்டு பிரேசிங்கா (பித்தளை போன்றதை உருக்கி ஒட்டுவது) டிக் வெல்டிங்கா (ஆர்கான் வாயுவில் குழாய்களையே உருக்கிச் சேர்ப்பது) என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் அச்சு உட்காரும் குழாய்) அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை கேளுங்கள். பலர் கேட்டால்தான் போடுகிறார்கள்.

டைட்டானியம் வாங்குபவர் டெலிவரி அன்று வெளிச்சத்தில் மூட்டுகளைப் பார்க்கவேண்டும். வெள்ளிபோல் பளபளத்தாலோ வைக்கோல் நிறத்தில் இருந்தாலோ சரி. நீலம், ஊதா ஓடியிருந்தால் கேள்வி கேளுங்கள். சாம்பல் பூத்தது போலிருந்தால் சூட்டில் காற்று பட்டு உலோகம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம், வாங்காதீர்கள்.

ஸ்டீல் வாங்குபவர் பெயிண்ட் முடிந்ததும், பாகங்கள் மாட்டும் முன்பே, குழாய்களின் உள்ளே துருத்தடுப்பு ஸ்ப்ரேயோ காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயோ விட்டு, பிரேமை எல்லாப் பக்கமும் உருட்டி, வடியவிட்டு, இரண்டு மூன்று நாள் காயவைக்கவேண்டும். மழையில் நனைந்து வந்தால் சீட் போஸ்ட்டை உருவிவிட்டு வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். போஸ்ட்டைத் திரும்பச் செருகும்போது கிரீஸ் தடவ மறக்காதீர்கள். வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் அலுமினிய போஸ்ட் ஸ்டீல் குழாயோடு இறுகிப்போகும், பிறகு வாளால் அறுத்துத்தான் எடுக்கவேண்டியிருக்கும்.