லோடு வண்டி கணக்கு: 2,185 ரூபா எப்படி 53 ரூபா ஆகுது

டீசல், டோல், டியூ (மாசா மாசம் கட்டற கடன் தவணை). வாடகையில இந்த மூணையும் கழிச்சா மிச்சம் இருக்கறதெல்லாம் லாபம்னு நெனச்சுத்தான் என் முதல் வண்டிய நாலு வருஷம் ஓட்டுனேன். நாலாவது வருஷம் இன்ஜின் வேலை வந்து வண்டி பட்டறைல நின்னப்போ கையில காசு இல்ல, வீட்டுக்காரம்மா செயின அடகு வச்சுத்தான் வெளிய எடுத்தோம். தினமும் ஓடுன வண்டி, நோட்டுல ஒரு நாள் கூட நஷ்டம்னு எழுதுனதில்ல, அப்புறம் காசு எங்க போச்சுன்னு ராத்திரி உக்காந்து நோட்ட புரட்டுனப்பதான் புரிஞ்சுது, வண்டி தேஞ்ச காசத்தான் நான் வீட்டுச் செலவுக்கு எடுத்துட்டு இருந்திருக்கேன். புதுசா தோஸ்த், குட்டி யானை, பொலிரோ பிக்கப்னு எடுக்கற தம்பிங்க அதே தப்ப செய்யக்கூடாதுன்னுதான் இத எழுதுறேன்.

ஒரு கணக்கு போட்டே பாத்துருவோம். பாடியோட சேத்து வண்டி 9 லட்சம், 7 வருஷம் கழிச்சு 3 லட்சத்துக்கு விக்குதுன்னு வச்சுக்குங்க. மாசம் 3,000 கிலோமீட்டர் ஓடுனா 7 வருஷத்துல 2,52,000 கிலோமீட்டர், அப்போ தேயற 6 லட்சத்த வகுத்தா கிலோமீட்டருக்கு 2 ரூபா 38 பைசா வருது. இது எந்த பில்லுலயும் வராது, யாரும் வந்து கேக்கவும் மாட்டாங்க, வண்டிய விக்கப் போற அன்னைக்குத்தான் மொத்தமா தெரியும். டீசல் லிட்டர் 92, மைலேஜ் 13னா 7 ரூபா 8 பைசா. டயர் செட்டு 26,000, அது 40,000 கிலோமீட்டர் வந்தா 65 பைசா. ஆயில் சர்வீஸ், கிளட்ச், பிரேக், பேட்டரி, பட்டை (லோடு தாங்கற ஸ்பிரிங் தகடு) எல்லாத்துக்கும் ஒன்றரை ரூபா எடுத்து வைங்க. ஆக மொத்தம் சக்கரம் ஒரு கிலோமீட்டர் உருண்டா 11 ரூபா 61 பைசா போகுது.

வண்டி நின்னாலும் போற செலவு தனி. இன்சூரன்ஸ், டேக்ஸ், எஃப்சி (வண்டி ஓட தகுதியா இருக்குன்னு ஆர்டிஓ தர்ற சான்று) எல்லாம் சேத்து மாசத்துக்கு 3,500, வட்டி 2,150, டிரைவர் சம்பளம் 18,000, பார்க்கிங் போன் வகையறா 850, மொத்தம் 24,500. மாசத்துல 20 நாள்தான் லோடு கிடைச்சுதுன்னா ஓடுற ஒவ்வொரு நாளும் 1,225 ரூபா கடனோடதான் விடியுது.

இப்போ ஈரோட்டுலருந்து கோயமுத்தூருக்கு ஒரு நடை. போக வர 200 கிலோமீட்டர், வாடகை 4,000. டீசல் 1,415, விஜயமங்கலம் கணியூர் ரெண்டு டோலும் போக வர 400ன்னு வைங்க, கையில நிக்கறது 2,185. நல்ல நடைன்னு தோணும். ஆனா உண்மையான கணக்கு 200 கிலோமீட்டருக்கு 2,322, டோல் 400, அன்னைக்கான நிலைச்செலவு 1,225, மொத்தம் 3,947. மிச்சம் 53 ரூபா. நீங்களே ஓட்டுனா அந்த 1,225க்குள்ள இருக்கற 900 உங்க சம்பளம், அது நீங்க உழைச்ச கூலி, வண்டி சம்பாரிச்சது 53தான்.

நெறைய பேர் "நானே ஓட்டுறேன், டிரைவர் செலவு இல்ல"ன்னு சொல்றாங்க. அதே நீங்க அடுத்தவங்க வண்டிய ஓட்டுனா சம்பளம் வாங்குவீங்கல்ல, அத கணக்குல எழுதாம விட்டா வாடகைய குறைச்சு பேசத்தான் தைரியம் வரும், அந்த ரேட்டுதான் அப்புறம் ஸ்டேண்டுல எல்லார் தலையிலயும் விழும்.

டியூவ செலவா எழுதறதும் ஒரு தப்பு. 7.5 லட்சம் கடன், 11 சதவீதம், 48 மாசம்னா டியூ சுமார் 19,400 வரும், அதுல வட்டி மட்டும்தான் செலவு, மீதி நீங்க வண்டியில போடற முதல். வட்டி மொத்தம் 1.8 லட்சம், அத 7 வருஷத்துக்கு பிரிச்சதுதான் மேல சொன்ன 2,150. டியூ முடிஞ்சதும் "இனி எல்லாம் லாபம்"னு வாடகைய குறைக்கறவங்கள பாத்திருக்கேன், வண்டி தேயறது டியூவோட நின்னுடாதுங்க, சொல்லப்போனா அப்பத்தான் பட்டறைச் செலவே ஆரம்பிக்கும்.

மைலேஜ யார் சொன்னாலும் நம்பாதீங்க, கம்பெனி சொல்றதயும் சரி பக்கத்து வண்டிக்காரர் சொல்றதயும் சரி. ஃபுல் டேங்க் போட்டு மீட்டர எழுதுங்க, அடுத்த தடவையும் ஃபுல் டேங்க் போட்டு எத்தன லிட்டர் புடிச்சுதுன்னு பாத்து வகுங்க, லோடோட காலியோட எல்லாம் கலந்து ஒரு மாசம் எழுதுனா வர்றதுதான் உங்க மைலேஜ். என் வண்டி 13லருந்து திடீர்னு 11க்கு இறங்குச்சு. டயர்ல கை வச்சு தடவிப் பாத்தா வெளி ஓரம் வழவழன்னு இருந்துச்சு, உள் பக்கம் டயரோட பட்டன் (ரோட்ட புடிக்கற ரப்பர் மேடு) தேயாம அப்படியே நிக்குது, அலைன்மென்ட் போயிருக்கு. ரெண்டு டயர் போச்சு, எழுதி வைக்கலன்னா நாலும் போயிருக்கும்.

காலி ரிட்டர்ன் ஓட்டத்துலதான் நெறைய பேர் ஏமாறறாங்க. கிலோமீட்டருக்கு 25 ரூபான்னு ஒன்வே பேசுனா 100 கிலோமீட்டருக்கு 2,500, கேக்க நல்லா இருக்கும், ஆனா சக்கரம் உருளறது 200, அப்போ உங்களுக்கு கிடைச்சது பன்னெண்டரை ரூபாதான், 11 ரூபா 61 பைசா செலவு போக டோலுக்கே அதுல பத்தாது.

ஓவர்லோடு ஏத்தி ஈடுகட்டலாம்னு நெனைக்காதீங்க. 2019 திருத்தத்துக்கு அப்புறம் மோட்டார் வாகனச் சட்டம் 194வது பிரிவுல அபராதம் 20,000, அதுக்கு மேல கூடுதலா இருக்கற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பட்டை உடையறதும் டயர் வெடிக்கறதும் தனி.

வருஷச் செலவுகள மாசாமாசம் பிரிச்சு தனி அக்கவுண்ட்ல போட்டுருங்க. 7.5 டன்னுக்கு உட்பட்ட வாடகை சரக்கு வண்டிக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் பிரீமியம் மட்டுமே 2022 ஜூன் ரேட்டுல 16,049 ரூபா, வரி தனி. எஃப்சி முதல் 8 வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, அப்புறம் வருஷா வருஷம். எஃப்சில ஃபீஸ விட பேட்ச் வேலை, பெயிண்ட், ஸ்டிக்கர், அதுக்காக வண்டி நிக்கற நாளுங்கதான் பெருசு, அந்த நாளுக்கும் 24,500ல பங்கு ஓடிட்டுதான் இருக்கும்.

இப்பெல்லாம் லோடுக்கு போன் வந்தா நான் முதல்ல வாடகைய பேசறதில்ல. மொத்தம் எத்தன கிலோமீட்டர், ரிட்டன் லோடு உண்டா, இறக்க எவ்வளவு நேரம் ஆகும், ஏத்துக்கூலி இறக்குக்கூலி யாரோடது, இத கேட்டுட்டு ஓரமா நிறுத்தி நோட்டுல ரெண்டு வரி போட்டுட்டுத்தான் ரேட் சொல்வேன். போன வாரம் கோயமுத்தூர் நடைக்கு 5,000 கேட்டேன், 4,600க்கு முடிஞ்சுது.