கிளைகாலிக் சீரத்துக்கு முன் ஒரு தொடு வாசலின்

இரவில் கிளைகாலிக் ஆசிட் சீரம் போடும் முன், மூக்கோரத்திலும் உதட்டோரத்திலும் லேசாக வாசலின் தொட்டுக்கொள்ளுங்கள். அங்கேதான் முதலில் எரியும், உரியும். தோலின் மேலுள்ள இறந்த செல்களை உரித்தெடுக்கும் ஏஹெச்ஏ வகை அமிலங்களிலேயே கிளைகாலிக்கின் மூலக்கூறுதான் மிகச் சிறியது, சட்டென்று தோலுக்குள் இறங்கும். மடிப்பில் தேங்கினால் கேட்கவே வேண்டாம். தண்ணீராக இருக்கும் சீரத்தை வாசலின் அண்டவிடாது. முகத்தைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் வாசலின், பிறகு சீரம் போடுங்கள், ஈரத்தில் சீரம் சுரீரென்கும். ஆரம்பத்தில் வாரம் 2 இரவு போதும். தினமும் போட்டால் சீக்கிரம் பளபளக்கும் என்பது வெறும் ஆசை.

திரெடிங், ஷேவிங் செய்த நாளிலும் ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) க்ரீம் போடும் இரவிலும் வாசலின் காப்பாற்றாது, அன்று சீரமே வேண்டாம். காலையில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் போடச் சோம்பல்படுபவர்கள் இந்த சீரத்தை வாங்காமல் இருப்பதே மேல்.