கலாத்தியா வளர்ப்பு: இலை ஓரம் கருகாமல் பார்த்துக்கொள்ளும் முறை

கோலம் போட்டதுபோன்ற இலைகளுக்காக வீட்டுக்குள் வளர்க்கும் கலாத்தியா செடியை வாங்கிய கொஞ்ச நாளிலேயே இலை நுனியும் ஓரமும் பழுப்பாகிக் காய்கிறதா? புதிதாக வளர்ப்பவர்கள் பலர் உடனே தண்ணீரைக் கூட்டிவிடுவார்கள். அதில் வேர் அழுகி, செடியே போய்விடும். ஓரம் கருகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரில் இருக்கும் உப்பை, அடுத்தது காற்றின் வறட்சியை. இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் கலாத்தியா ஒன்றும் பயப்படும்படியான செடி இல்லை.

செடியைத் தேர்ந்தெடுங்கள்

முதன்முதலாக வளர்க்கிறீர்கள் என்றால் நீண்ட இலையில் கரும்பச்சைப் புள்ளிகள் வரிசையாக இருக்கும் லான்சிஃபோலியா வகையை வாங்குங்கள். சின்னச் சின்னத் தவறுகளைத் தாங்கும். இளஞ்சிவப்புக் கோடு போட்ட ஆர்னேட்டாவும், வெள்ளைத் திட்டுகள் கொண்ட ஒயிட் ஃபியூஷனும் பார்க்க அழகு, ஆனால் கை பழகிய பிறகு வாங்குவதே நல்லது. 2012-க்குப் பிறகு பெரும்பாலான கலாத்தியாக்களைத் தாவரவியலில் கோப்பெர்ட்டியா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம்.

வாங்கும் முன் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நரம்போரம் மெல்லிய வலையோ வெளிர் தூசியோ தெரிந்தால் அந்தச் செடி வேண்டாம்.

இடம்

அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் காடுகளில், பெரிய மரங்களின் நிழலில் தரையோடு வளரும் செடி இது. நேரடி வெயில் பட்டால் இலைக் கோலம் வெளுக்கும், பிறகு தீய்ந்த திட்டுகள் விழும். ஜன்னலிலிருந்து ஒன்று, ஒன்றரை மீட்டர் தள்ளி வைக்கலாம். செடி இருக்கும் இடத்தில் கையை நீட்டிப் பாருங்கள். நிழல் மங்கலாக, ஓரம் கலங்கி விழுந்தால் வெளிச்சம் சரி. கத்தரித்ததுபோல் தெளிவாக விழுந்தால் இன்னும் உள்ளே தள்ளுங்கள். வெப்பம் 18 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். ஏசி காற்று நேராக இலையில் அடிக்கக் கூடாது.

இரவில் இலைகள் நிமிர்ந்து குவிந்து நிற்கும். இலைப்பரப்பும் காம்பும் சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த ஒரு கணு இருக்கிறது. அதிலுள்ள செல்களில் நீர் ஏறி இறங்குவதால் இலை அசைகிறது. இது நோய் அல்ல.

மண்ணும் தொட்டியும்

எடையில் அல்ல, கொள்ளளவில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 2 பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளை எரிமலைக் கல் துகள்) 1 பங்கு, நன்கு மக்கிய மண்புழு உரம் அரைப் பங்கு. தோட்டத்து மண் வேண்டாம், தொட்டிக்குள் இறுகிவிடும். கோகோபீட்டில் உப்பு இருக்கக்கூடும். அதனால் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, இதையே இரண்டு மூன்று முறை செய்த பிறகு கலக்குங்கள்.

தொட்டி பழையதைவிட 3 முதல் 5 செ.மீ. அகலம் கூடுதலாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலைக் கொண்டுவரும். அடியில் துளை கட்டாயம். மண் தொட்டி சீக்கிரம் காய்வதால் தொடக்கத்தில் பிளாஸ்டிக் தொட்டியே வசதி.

தண்ணீர்

வேர் உறிஞ்சும் நீர் இலை வழியாக ஆவியாகிறது. நீரில் கரைந்த உப்பு மட்டும் வெளியேற வழியின்றி நுனியிலும் ஓரத்திலும் சேர்கிறது. சேர்ந்து சேர்ந்து அந்த இடத்துத் திசு செத்துப் பழுப்பாகிறது. குழாய் நீரை ஒரு இரவு திறந்து வைத்தால் குளோரின் போகும். உப்பும் ஃபுளோரைடும் அப்படியேதான் இருக்கும். மழைநீரோ ஆர்.ஓ. நீரோ ஊற்றுவதுதான் தீர்வு. தண்ணீரை மென்மையாக்கும் கருவியிலிருந்து வரும் நீரில் சோடியம் இருக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நாள் கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். மேல் 2 செ.மீ. காய்ந்து, அதற்குக் கீழே ஈரம் தட்டினால் ஊற்றும் நேரம். அடித்துளை வழியே வெளியேறும்வரை நிதானமாக ஊற்றி, 15 நிமிடம் கழித்துத் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். குளிர்காலத்தில் மண் மெதுவாகக் காயும், இடைவெளி தானாகவே நீளும்.

காற்றின் ஈரம்

ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் வேண்டும், 60 இருந்தால் இன்னும் நல்லது. ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதமானி) வைத்து அளந்துவிடுங்கள். இலையில் தண்ணீர் தெளிப்பதால் பெரிய பயன் இல்லை. அந்த ஈரம் சில நிமிடங்களில் காய்ந்துவிடும், இலை ஈரமாகவே கிடந்தால் புள்ளி நோயும் வரும். செடிகளைக் கூட்டமாக வையுங்கள். அதுவும் போதாவிட்டால் காற்றில் ஈரத்தைக் கூட்டும் ஹியூமிடிஃபயர் கருவிதான் வழி.

உரம்

வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை போதும். நீரில் கரையும் 20-20-20 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு அரை கிராம் கலந்து, ஈர மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். ஆர்.ஓ. நீரும் கோகோபீட்டும் சேரும்போது கால்சியம், மக்னீசியம் குறையும். இவையும் உள்ள உரமாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொட்டிக் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு நல்ல நீரை ஊற்றி வடியவிட்டால் மண்ணில் தேங்கிய உப்பு கழுவப்பட்டுவிடும்.

கோளாறைக் கண்டுபிடிப்பது

பகலிலும் இலை குழாய்போல் சுருண்டிருந்தால் தாகம். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், லேசாக இருக்கும். மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டால் வேர் அழுகல். வெளியே எடுத்து, பழுப்பாகி வழவழப்பாக இருக்கும் வேர்களை வெட்டிவிட்டுப் புதுக் கலவையில் நடுங்கள். அடியிலுள்ள பழைய இலை ஒன்று மஞ்சளாவது இயல்பு. பல இலைகள் ஒரே நேரத்தில் மஞ்சளானால் நீர் அதிகம். கருகிய ஓரம் மறுபடி பச்சையாகாது. கத்தரித்துவிடலாம், ஆனால் பச்சைப் பகுதியை வெட்டாமல் மெல்லிய பழுப்பு விளிம்பை விட்டு வெட்டுங்கள். குறையைச் சரிசெய்தோமா என்பதைப் புது இலைதான் காட்டும்.

இலை மேலே ஊசி குத்தியதுபோல் வெளிர் புள்ளிகள் தெரிந்தால், அது இலைச்சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய உயிரியான சிலந்திப்பேனின் வேலை. அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு திரவ சோப்பும் கலந்து, முதலில் ஒரு இலையில் சோதித்து, மறுநாள் பாதிப்பில்லை என்றால் செடி முழுக்க மாலையில் அடியுங்கள். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் 5 நாளைக்கு ஒருமுறை மூன்று வாரம் தொடர வேண்டும்.

செடியைப் பெருக்குதல்

இலையையோ காம்பையோ வெட்டி நீரில் வைத்தால் வேர் விடாது. மண்ணடித் தண்டிலிருந்துதான் புதுச் செடி வரும். வெதுவெதுப்பான பருவத்தில் தொட்டி மாற்றும்போது வேர்க்கட்டை மெல்லப் பிரியுங்கள். ஒவ்வொரு பங்கிலும் குறைந்தது மூன்று இலையும் சொந்த வேரும் இருக்கட்டும். சின்னத் தொட்டியில் நட்டு, காற்றோட்டத்துக்குச் சில துளைகள் போட்ட பிளாஸ்டிக் பையால் இரண்டு மூன்று வாரம் மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். நடுவிலிருந்து சுருண்ட புது இலை கிளம்பினால் வேர் பிடித்துவிட்டது. அப்போது பையை ஒரே நாளில் எடுக்காமல், தினமும் சில மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைத்துப் பழக்குங்கள்.