கோட்டை பார்க்கக் குழந்தைகளோடு போகிறீர்களா?

பழைய கோட்டை, அரண்மனைக்குச் சிறு பிள்ளைகளோடு போகும்போது எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். நாலு வயதில் அரசர் பெயரும் ஆண்டும் மனதில் ஒட்டாது; தேடுகிற வேலை கொடுத்தால் ஒட்டும். கிளம்பும் முன் அந்த இடத்தின் படங்களைக் காட்டி, கல் சிங்கம், பீரங்கி, அம்பு எய்யும் துளை என மூன்றே மூன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அங்கே போனதும் கண்டுபிடிப்பது அவர்கள் பொறுப்பு.

அம்புத் துளை கிடைத்தால் சும்மா கடந்துவிடாதீர்கள். வெளியே குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் இருந்தால், ஏன் என்று கேளுங்கள். வீரர் மறைந்து நின்றபடியே பல பக்கமும் குறிபார்க்கத்தான் அந்த அமைப்பு. என் மகள் அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றாள். அரை மணி நேரம் நாங்களும் நின்றோம், அத்தனை கேள்விகள்!

குறுகலான சுழல் படிக்கட்டில் தள்ளுவண்டி ஏறாது. கைக்குழந்தையை உடலோடு கட்டிக்கொள்ளும் பை நல்லது. திறக்கும் நேரத்துக்கே போய்விட்டால் கூட்டம் குறைவு. அப்புறம், நுழைந்ததும் கழிப்பறை எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மதில் மேல் கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருக்கலாம். அங்கே பிள்ளையின் கையை விடவே கூடாது.