லிங்க்ட்இன்னில் பெயருக்குக் கீழே வரும் அந்த ஒரு வரி

வேலை, தொழில் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன்னில் உங்கள் பெயருக்குக் கீழே வரும் வரியை ('ஹெட்லைன்') இன்றே மாற்றுங்கள். நாமாக எழுதாவிட்டால் பதவியும் நிறுவனப் பெயரும் மட்டுமே அதில் நிற்கும். 220 எழுத்துகள் வரை இடம் இருக்கிறது. நீங்கள் விரும்பும் வேலைக்கு வந்த நான்கைந்து விளம்பரங்களைத் திறந்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களை அப்படியே அதில் போடுங்கள். உதாரணமாக: 'அக்கவுண்ட்ஸ் எக்சிக்யூட்டிவ் | ஏஏடி | குவிக்புக்ஸ், எக்செல்' (ஏஏடி ஒரு கணக்கியல் தகுதி, குவிக்புக்ஸ் ஒரு கணக்கு மென்பொருள்). விளம்பரம் ஆங்கிலத்தில் இருந்தால் இதையும் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். உண்மையில் தெரிந்ததை மட்டும் போடுங்கள், நேர்முகத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.

ஆள் தேடுபவர்கள் பதவி, திறன், இடம் ஆகியவற்றைத் தட்டித்தான் தேடுகிறார்கள். 'கடின உழைப்பாளி' என்று யாரும் தேடுவதில்லை. தேடல் முடிவில் பெயரோடு தெரிவதும் இந்த வரிதான், அதனால் முக்கியமான சொல் முன்னால் வரட்டும்.

திருகோணமலையில் இருந்துகொண்டு கொழும்பு வேலையோ வீட்டிலிருந்து செய்யும் வேலையோ தேடுகிறீர்களா? லிங்க்ட்இன்னில் போட்டிருக்கும் சொந்த இடத்தை மாற்றவே வேண்டாம். வேலை தேடுவதைத் தெரிவிக்கும் 'ஓப்பன் டு வேர்க்' பகுதியில் கொழும்பையும் 'ரிமோட்'டையும் சேருங்கள். அதை ஆள் தேடுபவர்களுக்கு மட்டும் தெரியும்படியும் வைக்கலாம். ஆனால் இப்போதைய நிறுவனத்தின் கண்ணில் படவே படாது என்று லிங்க்ட்இன் உறுதி தருவதில்லை.

அரச வேலைக்கு இது உதவாது, அதற்கு வர்த்தமானியும் போட்டிப் பரீட்சையும்தான். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் சீசன் வேலை என்றால் நேரில் போய்க் கேட்பதே வேகம்.