மலைச் செய்தியில் எழுவாய் எங்கே? நீலகிரியைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மசினகுடி அருகே ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன, மலைவாழ் மக்கள் அவதி." இப்படி ஒரு மாதிரிச் செய்தியை எடுத்துக்கொள்வோம். தேதியும் ஊர்ப்பெயரும் சரியாகவே இருக்கும். ஆனால் அகற்றியது வனத்துறையா வருவாய்த்துறையா, எந்த உத்தரவின்படி, யாருடைய கட்டடத்தை என்று எதுவும் தெரியாது. அலுவலகக் குறிப்பில் இருக்கும் "அகற்றப்பட்டன", "வெளியேற்றப்பட்டனர்", "கையகப்படுத்தப்பட்டது" ஆகியவை அப்படியே செய்திக்குள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அதிகாரிக்கு வசதியான இலக்கணம் அது. செய்தியாளர் அதைச் சுமக்கத் தேவையில்லை.

மலை பறிபோனதை எப்படிச் சொல்வது என்பதற்குத் தமிழில் பழைய முன்மாதிரி உண்டு. புறநானூற்றின் 112ஆம் பாட்டில், பறம்பு மலையை ஆண்ட பாரியின் மகளிர் "வென்றெறி முரசின் வேந்தர் எம் குன்றும் கொண்டார்" என்கிறார்கள். அந்தப் பறம்பு மலை நீலகிரியில் இல்லை. பாட்டின் வாக்கிய அமைப்புதான் இங்கே நமக்கு வேண்டியது. கொண்டவர் யார்? வேந்தர். யாருடைய குன்று? எம் குன்று. ஐந்தே அடியில் எழுவாயும் உடைமையும் தெளிவு. "பறம்பு கைப்பற்றப்பட்டது" என்று எழுதியிருந்தால் அது அரண்மனை அறிக்கையாகியிருக்கும். ஆகவே முதல் திருத்தம் இதுதான்: செய்தியை அனுப்புமுன் '-பட்டது', '-பட்டனர்' என்று முடியும் வினைகளை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் 'யாரால்?' என்று கேளுங்கள். பதில் தெரிந்தால் அதை எழுவாயாக்குங்கள். தெரியாவிட்டால் கேட்டு எழுதுங்கள்.

ஆக்கிரமிப்பு, பட்டா, மலைவாழ் மக்கள்

இந்த மூன்றும் சாதாரணச் சொற்களாகத் தெரிந்தாலும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வழக்கின் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. 'ஆக்கிரமிப்பாளர்' என்று எழுதியவுடன் நிலம் யாருடையது என்பதை நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். கூடலூர் வட்டத்தில் இது பெரிய பிழை. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலமாக, அதாவது பரம்பரை உடைமையாக, இருந்த பகுதிகளுக்காக 1969இல் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1974இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவில் சிக்கிய குத்தகை நிலங்களை ஊர்க்காரர்கள் 'செக்ஷன் 17' என்றே சொல்வார்கள். அங்கே எஸ்டேட் கம்பெனியும் உண்டு, பட்டாவும் மின் இணைப்பும் கிடைக்காமல் தவிக்கும் சிறு குடும்பமும் உண்டு. இருவரையும் ஒரே சொல்லில் அடைத்தால் பெரியவர் சிறியவருக்குப் பின்னால் மறைந்துகொள்வார்.

'வன நிலம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதும் இப்படித்தான். கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு கூடலூர்ப் பகுதி மரவெட்டிலிருந்து கிளம்பியது. அதில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என்றது. அரசுப் பதிவேட்டில் காடு என்றிருந்தால், உடைமையாளர் யாராக இருந்தாலும் அது வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். எனவே காப்புக்காடா, செக்ஷன் 17 நிலமா, தனியார் காடா என்று பிரித்துச் சொல்லாத செய்தி பாதிச் செய்திதான்.

அடுத்து, "பழங்குடியினருக்கு அரசு பட்டா வழங்கியது". 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்கெனவே இருந்த உரிமையை *அங்கீகரிக்கிறது*; 'வழங்கியது' என்றால் அது தானமாகிவிடும். 'பட்டா' என்று மட்டும் போட்டால் விற்கலாம் என்ற எண்ணமும் வரும். அந்த உரிமை வாரிசுக்குப் போகும், விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது. உச்ச வரம்பு 4 ஹெக்டேர். மணமானவர் என்றால் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிய வேண்டும். கோரிக்கையை முதலில் ஏற்பது கிராம சபை. செய்தியில் கிராம சபை வரவே இல்லை என்றால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

'மலைவாழ் மக்கள்' என்ற தொடரில் எல்லோரும் கரைந்துபோகிறார்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடிகளும் பட்டியல் பழங்குடியினர். படுகர் அந்தப் பட்டியலில் இல்லை, சேர்க்கக் கோருகிறார்கள். 1964இன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்கள் தாயகம் திரும்பியோர். அவர்களை 'இலங்கை அகதிகள்' என்று எழுதுவது குடியுரிமையையே பறிக்கும் தவறு. 1983க்குப் பின் முகாம்களுக்கு வந்தவர்களின் சட்டநிலை முற்றிலும் வேறு. தோடரின் ஊரை மந்து என்றும் படுகரின் ஊரை ஹட்டி என்றும் எழுதுங்கள், எல்லாவற்றையும் 'காலனி' ஆக்காதீர்கள்.

அட்டகாசமும் வேட்டையும்

"யானை அட்டகாசம்" என்ற தலைப்பு யானையை ரவுடியாக்குகிறது. பதிலுக்கு "யானையின் வீட்டில் புகுந்த மனிதன்" என்று எழுதுவது பலருக்கு முற்போக்காகத் தோன்றும். அதில் சொகுசு விடுதிக்காரரும், அரை ஏக்கரில் வாழை வைத்தவரும், தலைமுறைகளாகக் காட்டுக்குள் இருக்கும் இருளரும் ஒரே 'மனிதன்' ஆகிவிடுகிறார்கள். சீகூர் யானை வழித்தட வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழித்தடத்தை உறுதிசெய்தபோதே, நில உடைமையாளர்களின் முறையீடுகளைக் கேட்கத் தனிக் குழுவும் அமைத்தது. எந்த நேரம், எந்த ஓடைப் பக்கம், என்ன பயிர், எத்தனை மரம் என்று எழுதினால் போதும். பெயரடை தேவைப்படாது.

'புலியை வேட்டையாட உத்தரவு' என்பதைச் 'சுட்டுக்கொல்ல உத்தரவு' என்று மாற்றுவது இதைவிட ஆபத்து. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குள் பிடிப்பதும் பொறிவைப்பதும் அடங்கும். பிடிக்கவோ மயக்க ஊசி போடவோ வேறிடம் கொண்டுபோகவோ முடியாது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் திருப்தியடைந்தால்தான் கொல்ல உத்தரவிட முடியும். கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் தேடப்பட்ட டி23 புலி 2021 அக்டோபரில் உயிரோடுதான் பிடிபட்டது. உத்தரவு நகலை வாங்கி, அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவின் எந்த உட்பிரிவு என்று பார்த்த பிறகே தலைப்புப் போடுங்கள்.

யார் 'அவர்', யார் 'அவன்'

தமிழில் எளிதாக நடந்துவிடும் ஓர் அநியாயம் விகுதியில் இருக்கிறது. விடுதி அதிபர் மீது வழக்கு என்றால் "என்பவர் கைது செய்யப்பட்டார்". தோட்டக் கூலி மீது வழக்கு என்றால் "என்பவன் சிக்கினான்". இரண்டும் ஒரே பக்கத்தில் வரும். குற்றம் நிரூபணமாகாத இருவருக்கும் ஒரே 'ஆர்' விகுதியைப் போடுங்கள். பேட்டியிலும் அப்படியே: கலெக்டருக்குச் செந்தமிழ், பணியப் பெண்ணுக்குக் கொச்சைத் தமிழ் என்று பிரிக்காதீர்கள். பணிய மொழி தமிழின் சிதைவும் அல்ல, மலையாளத்தின் சிதைவும் அல்ல. அவர் பேசியதை யார் மொழிபெயர்த்தார் என்று ஒரு வரி சேர்த்தால் நேர்மை.

கவிதை எழுதுவோருக்கும் இதில் பங்குண்டு. தேயிலைத் தோட்டத்தைப் 'பச்சைக் கம்பளம்' என்று எழுதும் கவிதை, சோலைக் காடும் புல்வெளியும் அழிந்த இடத்தை இயற்கை என்று கொண்டாடுகிறது. கொழுந்து பறிப்பவரைக் காட்சிக்கு வெளியே நிறுத்துகிறது. யூகலிப்டசும் சீகை மரமும் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து நட்டவை; அவற்றை 'ஆதி வனம்' ஆக்க வேண்டாம். 'ஊட்டியைக் கண்டுபிடித்த சல்லிவன்' என்பதும் இந்த வகைதான். ஜான் சல்லிவன் 1819இல் மலையேறிய கோவை கலெக்டர். அவர் வீடு கட்டிய மண்ணில் ஏற்கெனவே தோடர்களின் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

'எழுத்தில்லாத மொழி, அதனால் இலக்கியமில்லை' என்பதையும் விட்டுவிட வேண்டும். மொழியியலாளர் எமனோ 1930களில் நீலகிரியில் தங்கித் திரட்டிய தோடர் பாடல்கள் 1971இல் பெரிய தொகுதியாக வந்தன. இணை இணையாக வரும் நிலைத்த தொடர்களைக் கொண்டு, நிகழ்வு நடந்த கையோடு புதுப்பாட்டுக் கட்டும் மரபு அது. அப்படியொரு பாட்டை வெளியிடும்போது பாடியவர் பெயரை அவர் சம்மதத்தோடு போடுங்கள். மூல ஒலியைத் தமிழ் எழுத்தில் ஒரு வரியாவது கொடுங்கள். தமிழ் எழுத்தில் அடங்காத ஒலிகள் அதில் உண்டு என்பதையும் குறிப்பிடுங்கள். 'நாட்டுப்புறப் பாடல்' என்று மட்டும் போட்டு முடித்தால் அங்கேயும் எழுவாய் இல்லை.